நினைவகப் பாட்டை முடிப்பு மின்னழுத்தம்

நினைவகப் பாட்டை முடிப்பு மின்னழுத்தம் என்பது, கணினியின் நினைவகக் கட்டுப்படுத்தியையும் நினைவகச் சில்லுகளையும் இணைக்கும் அதிவேகக் கம்பிகளின் இறுதியில் உள்ள மின்தடை எந்த மின்னழுத்தத்துடன் இணைக்கப்படுகிறதோ அந்த மின்னழுத்தம் ஆகும். பொறியியலாளர் வழக்கில் இது டெர்மினேஷன் வோல்டேஜ் எனப்படுகிறது. குறிகை தெறித்துத் திரும்புவதைத் தடுப்பது மின்தடையின் அளவு. ஆனால் எந்த நிலையில் மின்னோட்டம் பாயும், எவ்வளவு ஆற்றல் வெப்பமாக வீணாகும், 0-வையும் 1-ஐயும் பிரிக்கும் எல்லைக்கோடு எங்கே அமையும் என்பவற்றை முடிப்பு மின்னழுத்தமே தீர்மானிக்கிறது.

தெறிப்பும் முடிப்புத் தடையும்

வழக்கமான மின்சுற்றுப் பலகையில் ஒரு குறிகை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 15 செ.மீ. தொலைவு செல்லும். டி.டி.ஆர்4-3200 வகை நினைவகத்தில் ஒரு பிட்டுக்குரிய நேரம் 0.3125 நானோ நொடி மட்டுமே. அந்த நேரத்தில் குறிகை 5 செ.மீ.க்கும் குறைவாகவே நகர்கிறது. எனவே ஒரு பிட் மறுமுனையை அடையும் முன்பே அடுத்த பிட் புறப்பட்டுவிடுகிறது. இந்நிலையில் கம்பியைச் சாதாரண இணைப்பாகக் கருத முடியாது. அது தனக்கென ஒரு சிறப்பியல்பு மின்மறுப்பு கொண்ட செலுத்துதொடராக நடந்துகொள்கிறது.

கம்பியின் முனை திறந்திருந்தால் அங்கு வந்துசேரும் அலை முழுவதுமாகத் தெறித்துத் திரும்பி, பின்னால் வரும் பிட்டுகளுடன் கலந்து அவற்றைச் சிதைக்கும். முனையில் ஒரு மின்தடையை இணைத்தால், தெறிக்கும் பங்கு பின்வரும் விகிதத்தால் கிடைக்கிறது:

தெறிப்பு = (முடிப்புத் தடை − சிறப்பியல்பு மின்மறுப்பு) ÷ (முடிப்புத் தடை + சிறப்பியல்பு மின்மறுப்பு)

எடுத்துக்காட்டாக, 50 ஓம் மின்மறுப்புள்ள கம்பி 60 ஓம் தடையில் முடிந்தால், 10-ஐ 110-ஆல் வகுக்க, ஏறத்தாழ 9% மட்டுமே தெறிக்கும். இந்த விகிதத்தில் மின்னழுத்தம் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. விரைவான மாற்றங்களைப் பொறுத்தவரை, நிலையான எந்த மின்னழுத்தமும் தரைக்குச் சமமானதே. ஆகவே தெறிப்பைக் கட்டுப்படுத்திய பின்னரும், தடையின் மறுமுனையை எங்கே இணைப்பது என்ற கேள்வி தனியாக எஞ்சி நிற்கிறது. நடைமுறையில் இதற்கு மூன்று விடைகள் உள்ளன.

மூன்று தெரிவுகள்

ஒப்பீட்டுக்காக வழங்கு மின்னழுத்தம் 1.2 வோல்ட், அனுப்பும் சில்லின் உள்தடை 40 ஓம், முடிப்புத் தடை 60 ஓம் எனக் கொள்வோம்.

1. வழங்கு மின்னழுத்தத்தின் பாதி

முடிப்பு மின்னழுத்தம் 0.6 வோல்ட் ஆகும். 1 அனுப்பும்போது 6 மில்லியாம்பியர் கம்பி வழியே முடிப்பை நோக்கிப் பாய்கிறது. 0 அனுப்பும்போது அதே அளவு எதிர்த்திசையில் பாய்கிறது. கம்பியின் மின்னழுத்தம் 0.96 வோல்ட்டுக்கும் 0.24 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். எல்லைக்கோடு சரியாக 0.6 வோல்ட்டில் அமைவதால் வடிவமைப்பு எளிதாகிறது. ஆனால் எந்த நிலையிலும் மின்னோட்டம் நிற்பதில்லை.

பாதி மின்னழுத்தத்தைத் தனியாக உருவாக்காமல், வழங்கலுக்கு ஒன்றும் தரைக்கு ஒன்றுமாக இரண்டு 120 ஓம் தடைகளை இணைத்தும் இதே விளைவைப் பெறலாம். அப்போது கம்பி ஒன்றுக்கு 0, 1 ஆகிய இரு நிலைகளிலும் 9.6 மில்லிவாட் செலவாகும்.

2. முழு வழங்கு மின்னழுத்தம்

1 அனுப்பும்போது கம்பியின் இருமுனைகளும் 1.2 வோல்ட்டில் இருப்பதால் நிலையான மின்னோட்டம் இல்லை. 0 அனுப்பும்போது மட்டும் 12 மில்லியாம்பியர் பாய்ந்து 14.4 மில்லிவாட் செலவாகிறது. இரண்டும் சம எண்ணிக்கையில் வந்தால் சராசரி 7.2 மில்லிவாட். ஊசலின் அளவு முன்போலவே 0.72 வோல்ட். எனினும் அது 1.2 வோல்ட்டுக்கும் 0.48 வோல்ட்டுக்கும் இடையே நிகழ்வதால் எல்லைக்கோடு 0.84 வோல்ட்டுக்கு உயர்கிறது.

3. தரை

இது இரண்டாவதன் கண்ணாடிப் பிம்பம் போன்றது. 0 அனுப்பும்போது மின்னோட்டம் இல்லை. 1 அனுப்பும்போது மட்டுமே பாய்கிறது. இதே கணக்கில் ஊசல் தரைக்கும் 0.72 வோல்ட்டுக்கும் இடையே அமைந்து, எல்லைக்கோடு 0.36 வோல்ட்டுக்கு இறங்குகிறது.

நினைவகத் தலைமுறைகளில் முடிப்பு மின்னழுத்தம்

2000 ஆம் ஆண்டில் ஜெடெக் அமைப்பு வெளியிட்ட டி.டி.ஆர் தரம், எஸ்.எஸ்.டி.எல் எனும் குறிகை முறையில் 2.5 வோல்ட் வழங்கலையும், அதன் பாதியான 1.25 வோல்ட் முடிப்பையும் கொண்டிருந்தது. முடிப்புத் தடைகள் தாய்ப்பலகையின் மீது வரிசையாகப் பொருத்தப்பட்டன.

2003 இல் வெளியான டி.டி.ஆர்2, 1.8 வோல்ட்டுக்கு இறங்கியதோடு, தரவுக் கம்பிகளின் முடிப்புத் தடையைச் சில்லுக்குள்ளேயே கொண்டுசென்றது. தேவைப்படும்போது மட்டும் இத்தடையை இயக்கவும் அணைக்கவும் முடிந்தது. 2007 இல் வெளியான டி.டி.ஆர்3, 1.5 வோல்ட்டில் இதே முறையைத் தொடர்ந்தது.

2012 இல் வெளியான டி.டி.ஆர்4, தரவுக் கம்பிகளுக்குப் பாதி மின்னழுத்தத்தைக் கைவிட்டு முழு வழங்கு மின்னழுத்தமான 1.2 வோல்ட்டைத் தெரிவுசெய்தது. இம்முறை சூடோ ஓப்பன் டிரெயின் எனப்படுகிறது. வரைகலை நினைவகங்களில் இது முன்பே பயன்பாட்டில் இருந்தது. உயர் மின்னழுத்தத்தில் முடிக்கும் கருத்து அதனினும் பழையது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வில்லியம் கன்னிங் உருவாக்கிய ஜி.டி.எல் பாட்டையும், 1.8 வோல்ட்டில் முடிக்கப்பட்ட ராம்பஸ் நினைவகப் பாட்டையும் இவ்வகையின.

டி.டி.ஆர்4 இல் முகவரி, கட்டளைக் கம்பிகள் மட்டும் பாதி மின்னழுத்தத்திலேயே தொடர்ந்தன. 2020 இல் வெளியான டி.டி.ஆர்5, அவற்றின் முடிப்பையும் சில்லுக்குள் கொண்டுசென்றது. இதனால் தாய்ப்பலகையில் பாதி மின்னழுத்தத்துக்கென ஒரு தனிச் சீராக்கி வைக்கும் தேவை நீங்கியது.

கையடக்கக் கருவிகளுக்கான எல்.பி.டி.டி.ஆர்4, 2014 இல் தரையில் முடிக்கும் முறையைத் தெரிவுசெய்தது. இதில் கம்பியை மேலே இழுப்பதற்கும் என்-வகைத் திரிதடையமே பயன்படுகிறது. அதனால் முழு வழங்கலை எட்டத் தேவையின்றி, 1.1 வோல்ட்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரமே 1 எனக் கொள்ளப்படுகிறது. சிறிய ஊசலால் மின்கலத்தின் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. வேகம் குறைவாக உள்ளபோது முடிப்பை அணைத்தும் இயக்கலாம்.

பைட்டைத் தலைகீழாக்குதல்

முழு வழங்கலில் முடிக்கும்போது 0 மட்டுமே ஆற்றலைச் செலவிடுகிறது என்பதால், 0-களின் எண்ணிக்கையைக் குறைத்தாலே செலவு குறையும். டி.டி.ஆர்4 இல் ஒரு பைட்டில் நான்குக்கு மேற்பட்ட 0-கள் இருந்தால், எட்டுப் பிட்டுகளும் தலைகீழாக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. அவ்வாறு செய்யப்பட்டதை ஒன்பதாவது கம்பி 0 ஆகித் தெரிவிக்கிறது. இதனால் ஒன்பது கம்பிகளில் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் 0 ஆக இருக்க முடியாது. மேற்கண்ட கணக்கில் ஒரு பைட்டின் உச்ச மின்னோட்டம் 96 இலிருந்து 48 மில்லியாம்பியராகக் குறைகிறது. உச்சம் குறைவதால் வழங்கலில் எழும் இரைச்சலும் குறைகிறது. பாதி மின்னழுத்த முடிப்பில் 0-வுக்கும் 1-க்கும் செலவு சமம் என்பதால், இந்த உத்தியால் அங்கு நிலையான மின்னோட்டத்தைக் குறைக்க முடியாது.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

- பாதி மின்னழுத்தத்தை வழங்கும் சீராக்கி, மின்னோட்டத்தைத் தரவும் உள்வாங்கவும் வல்லதாக இருத்தல் வேண்டும். பெரும்பாலான கம்பிகள் 1 நிலையில் இருக்கும்போது மின்னோட்டம் சீராக்கிக்குள் பாயும். தர மட்டுமே தெரிந்த சாதாரணச் சீராக்கியில் மின்னழுத்தம் மேலேறி, எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள இடைவெளி சமநிலை இழக்கும்.
- முடிப்பு மின்னழுத்தமும் எல்லைக்கோட்டைக் குறிக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தமும் மதிப்பில் சமமாக இருந்தாலும், அவற்றை ஒரே கம்பியில் இணைத்தல் கூடாது. முன்னதில் மின்னோட்டம் ஓயாது மாறுவதால் இரைச்சல் மிகுதி. பின்னது அமைதியாக இருந்தால்தான் பிட்டுகள் சரியாகப் படிக்கப்படும்.
- வழங்கு மின்னழுத்தம் சிறிது ஏறினாலோ இறங்கினாலோ அதன் பாதியும் உடன் மாற வேண்டும். எனவே பாதி மின்னழுத்தம் நிலையான ஓர் எண்ணாக அமைக்கப்படாமல், வழங்கலிலிருந்தே வகுத்துப் பெறப்படுகிறது.
- எவரும் அனுப்பாதபோது, பாதி மின்னழுத்தத்தில் முடிக்கப்பட்ட ஒற்றைக் கம்பி எல்லைக்கோட்டின் மீதே நிற்கும். அப்போது சிறு இரைச்சலும் பொய்யான மாற்றமாகத் தோன்றலாம். ஆகவே கட்டுப்படுத்தி உரிய நேரத்தில் மட்டுமே குறிகையைக் கவனிக்க வேண்டும். முழு வழங்கலில் முடிக்கப்பட்ட கம்பி அத்தகைய வேளையில் ஐயமின்றி 1 நிலையில் இருக்கும்.
- முழு வழங்கலிலோ தரையிலோ முடிக்கும்போது எல்லைக்கோடு உள்தடை, முடிப்புத் தடை ஆகிய இரண்டையும் பொறுத்து நகரும். இதனால் டி.டி.ஆர்4 இல் தரவுக்கான ஒப்பீட்டு மின்னழுத்தம் சில்லுக்குள்ளேயே உருவாக்கப்படுகிறது. கணினி தொடங்கும்போது பல மதிப்புகளைச் சோதித்துப் பொருத்தமானது தெரிவுசெய்யப்படுகிறது.