கடல் கடந்த சுவீகாரம்: காரைக்கால் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆராயும் பொருள்

அரசலாற்றுப் பாசனத்தின் கடைமடையில் அமைந்த திருநள்ளாறு கொம்யூனையும் அதனைச் சூழ்ந்த காரைக்கால் பகுதியையும் 1739 முதலாகத் தஞ்சை மன்னரிடமிருந்து பெற்ற பிரெஞ்சுக்காரர், 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சிப் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைத்தனர். 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கை, 1962 ஆகஸ்டு 16இல் அமலுக்கு வந்தபோது, குறித்த தவணைக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையையே தெரிந்துகொள்ள விரும்பியவர்க்கு அந்த உரிமையையும் அளித்தது. அவ்வாறு தெரிந்துகொண்டவர்களும், பிரெஞ்சுப் படையில் சேவை செய்து ஓய்வூதியம் பெற்ற சொல்தாக்களின் சந்ததியாரும் நாளடைவில் பிரான்சில் குடியேறியதன் பயனாக, ஒரே குடும்பத்தின் ஒரு கிளை காரைக்காலிலும் மறு கிளை பாரிஸ் நகரத்தின் சுற்றுப்புறங்களிலும் வேரூன்றி வாழும் நிலை இங்கே சாதாரணமாயிற்று. இத்தகைய குடும்பத்தில், அயல்நாட்டில் வாழும் தம்பதி புத்திரப்பேறின்றி ஆண்டுகள் கழிந்தபின், ஊரில் உள்ள உடன்பிறந்தாரின் பிள்ளையையோ ஆதரவற்ற வேறொரு பிள்ளையையோ சுவீகாரம் செய்துகொள்ள விழைவார்களாயின், அவர்கள் எதிர்ப்படும் இன்னல்கள் யாவை, அவற்றின் மூலகாரணம் யாது, அவற்றுள் எவை நீக்கத்தக்கவை, எவை நீக்கத் தகாதவை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தம்பதியின் துன்பத்திற்குக் காரணம் விசாரணையின் கடுமையே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது முழு உண்மையன்று என்பதே நமது சித்தாந்தம். சுவீகாரம் யாருடைய க்ஷேமத்திற்காக என்ற கேள்விக்கு மூன்று சட்ட மரபுகள் மூன்று வேறு விடைகளைத் தந்துள்ளன. தம்பதியரும் அவர்தம் சுற்றத்தாரும் பழைய விடையை நெஞ்சில் தாங்கிக்கொண்டு புதிய விடையின் வாயிலில் சென்று நிற்கின்றனர். துன்பத்தின் பெரும்பகுதி இம்முரணிலிருந்தே பிறக்கிறது.

2. மூன்று சட்டங்களும் மூன்று நோக்கங்களும்

தர்மசாஸ்திர மரபில் சுவீகாரம் தந்தையின் பொருட்டு ஏற்பட்டது. பிதிர்க்கடன் செய்யவும் குலம் அற்றுப்போகாமல் காக்கவும் ஒரு புத்திரன் வேண்டும் என்பதே தத்தக மீமாம்சை, தத்தக சந்திரிகை ஆகிய நூல்களின் அடிப்படையாதலின், பெண் மகவைச் சுவீகாரம் செய்தல் பொதுவாக ஏற்கப்படவில்லை. இராமநாதபுரம் சமஸ்தானத்தைப் பற்றிய வழக்கில் 1868இல் தீர்ப்பளித்த பிரிவி கவுன்சில், திராவிட தேசத்தில் கணவன் அனுமதி அளிக்காமல் இறந்துபோன விதவையும் சபிண்டரின், அதாவது கணவனின் நெருங்கிய உறவினரின், சம்மதத்தோடு பிள்ளை எடுக்கலாம் என்று கூறிற்று. சகோதரியின் மகனையும் மகளின் மகனையும் சுவீகாரம் செய்யும் தென்னாட்டுப் பிராமணரின் வழக்கத்தை 1886இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் எழுதிய விதியைவிட நிலைத்த வழக்கம் வலியது என்ற கொள்கையை இவ்விரு தீர்ப்புகளும் நிறுத்தின. ஆயினும் பிள்ளையின் நன்மை எது என்ற கேள்வி அவற்றின் மையத்தில் இல்லை.

1956ஆம் ஆண்டின் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் பெண்குழந்தையைச் சுவீகாரத்திற்கு உரியவளாக்கி, சுவீகாரம் செய்யும் உரிமையைப் பெண்ணுக்கும் வழங்கியது. பிள்ளை பதினைந்து வயது நிரம்பாததாயிருத்தல், எதிர்பாலினப் பிள்ளையாயின் 21 ஆண்டு வயது வித்தியாசம், பொருள் கொடுக்கல் வாங்கலுக்குத் தடை ஆகிய விதிகளையும் வகுத்தது. தத்தஹோமச் சடங்கு அவசியமில்லை, கொடுத்தலும் எடுத்தலும் உண்மையாக நிகழ்ந்தால் போதும். பிறந்த குடும்பத்தோடு உள்ள பந்தம், விலக்கப்பட்ட மண உறவு ஒன்றைத் தவிர, முற்றும் அறும். செய்த சுவீகாரத்தை ரத்துச் செய்ய இயலாது. ஆனால் பிள்ளையைக் கொடுப்பவர் நெருக்கடியால் கொடுக்கின்றனரா, எடுப்பவர் வளர்க்கத் தகுதியுடையவரா என்று முன்கூட்டியே விசாரிக்கும் ஏற்பாடு, பெற்றோரே நேரில் கொடுக்கும் சுவீகாரத்தில், அச்சட்டத்தில் இல்லை.

பிரெஞ்சுச் சட்டத்தின் சரித்திரம் வேறு. 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டத் தொகுப்பில் சுவீகாரம் வயது வந்தவருக்கே உரியதாய் இருந்தது; ஐம்பது வயது கடந்த, சந்ததியற்ற ஒருவர், தாம் முன்பு ஆதரித்து வளர்த்தவருக்குப் பெயரும் சொத்தும் அளிக்கும் கருவியாக அது விளங்கிற்று. முதல் உலக யுத்தம் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளின் நிலை கண்டபின்னரே, 1923இல், சிறார்களுக்கு அது திறந்துவிடப்பட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்த குடும்பத்தின் உறவை முற்றும் நீக்கும் முழுச் சுவீகாரம் என்றும், அவ்வுறவை வைத்துக்கொண்டே புதிய உறவைச் சேர்க்கும் எளிய சுவீகாரம் என்றும் இருவகை வகுத்தது. காரைக்காலுக்கு இதனோடு தனித்த சம்பந்தம் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்கீழ், பொன்னுத்தம்பி லாப்போர்த் போன்றோரின் வழிநின்று, தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கு, இந்தியச் சட்டங்கள் 1963இல் புதுவைப் பிரதேசத்திற்கு விரிக்கப்பட்டபோதும், இந்துச் சுவீகாரச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்கள் சுவீகார விஷயத்தில் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டிருத்தல் கூடும்.

மூன்றாவது விடை அண்மைக் காலத்தது. அதன் மையம் பிள்ளை. லக்ஷ்மி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984இல் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம், இந்தியப் பிள்ளைகளை அயல்நாட்டார் சுவீகாரம் செய்வதற்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. பிள்ளைக்கு முதலில் பிறந்த குடும்பத்திலும், அடுத்துத் தாய்நாட்டிலும் இடம் தேடி, அவை இல்லாதபோதே கடல் கடந்த இல்லத்தை நாடவேண்டும் என்ற முறையை வற்புறுத்தியது. அயல்நாட்டுச் சுவீகாரம் பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் அதே நெறியைப் பின்பற்றுகிறது. பிரான்சு 1998இலும் இந்தியா 2003இலும் அதனை ஏற்றுக்கொண்டன. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அதன்மேல் எழுந்தது.

3. தம்பதி நடக்கும் வழி

பிள்ளையில்லாத தம்பதியின் அல்லல் விண்ணப்பத்தில் தொடங்குவதில்லை. 'புழு பூச்சி ஒன்றும் இல்லையா' என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்கப்படும் கேள்வியில் அது தொடங்குகிறது. அக்கேள்வி பெரும்பாலும் மனைவியை நோக்கியே வருகிறது. மருத்துவம், நேர்த்திக்கடன், சாதகம் பார்த்தல், விடுமுறையில் ஊர் வந்து நளதீர்த்தத்தில் நீராடிச் சனீசுவர பகவானை வழிபடுதல் என்று நம்பிக்கையின் பல வாயில்களையும் தட்டிச் சோர்ந்தபின்னரே பலர் சுவீகாரத்தை எண்ணுகின்றனர். ஆகவே அவர்கள் அரசாங்க வாயிலுக்கு வரும்போதே களைத்தவர்களாய் வருகின்றனர்.

பிரான்சில் அவர்கள் வாழும் மாவட்ட நிர்வாகத்திடம் தகுதிச் சான்று பெறவேண்டும். சமூகப் பணியாளரும் உளவியல் அறிஞரும் வீட்டிற்கு வந்து, வருமானத்தையும் உடல்நலத்தையும் மட்டுமன்றி, கணவன் மனைவியரின் அந்தரங்கத் துக்கத்தையும் விசாரிப்பார்கள். விண்ணப்பம் உறுதியான பின் ஒன்பது மாதத்திற்குள் முடிவு கூறப்படவேண்டும். சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2022 பிப்ரவரிச் சட்டத்திற்குப் பின்னர், அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தின் துணையின்றித் தனியே சென்று அயல்நாட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் செய்தல் பிரான்சில் இயலாது. இந்தியப் பக்கத்தில் மத்திய சுவீகார ஆதார ஆணையத்தில் பதிவு, வயதுக் கணக்கு, மருத்துவ அறிக்கை, ஆணையத்தின் தடையின்மைச் சான்று, 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்திற்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்கும் சுவீகார ஆணை, ஹேக் உடன்படிக்கையின் 23ஆம் விதிப்படியான சான்றிதழ் என்பன தொடரும். இரண்டு வயது வரையுள்ள பிள்ளையை நாடும் தம்பதியரின் வயதுக் கூட்டுத்தொகை 85ஐக் கடக்கக் கூடாது என்ற விதி, மருத்துவத்திலேயே ஆண்டுகளைச் செலவிட்டவர்க்குப் பெரும் இடியாக வந்து விழுவதுண்டு. பிள்ளை சென்றடைந்த பின்னும் இரண்டாண்டுகள் தொடர் அறிக்கை அனுப்பப்படும்.

இவ்வழியை அறியாதவர் மற்றொரு வழியில் சென்று இடர்ப்படுவர். ஊர்ப் பெரியோர் முன்னிலையில் பிள்ளையை மடியில் வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நம்பி, அப்பத்திரத்தைக் கொண்டு விசா கேட்கும்போது, அது போதாது என்ற பதிலே வரும். பத்திரம் இந்தியாவில் செல்லும். ஆனால் பிள்ளை கடல் கடப்பதற்கு ஆணையத்தின் சான்று வேண்டும். இந்துச் சட்டப்படி சுவீகாரம் செய்த குடும்பங்கள் அச்சான்றைப் பெறுவதற்குரிய முறையே 2021 செப்டம்பரில்தான் விதிகளில் சேர்க்கப்பட்டது.

கடைமடை விவசாயி மதகு இருப்பதைக் குறித்து வருந்துவதில்லை, முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்வாரில்லாமையைக் குறித்தே வருந்துகிறான். தம்பதியரின் வருத்தமும் இத்தன்மையதே. காலதாமதத்தைப் பொறுக்கும் மனம், காரணம் கூறப்படாத மௌனத்தைப் பொறுப்பதில்லை. அம்மௌனத்தில் கணவன் மனைவியரிடையே பழிச்சொல் எழுகிறது. ஒருவர் விட்டுவிடலாம் என்கிறார், மற்றவர் விட முடியாது என்கிறார்.

4. விசாரணை ஏன் வேண்டும்

இவ்வளவு துன்பம் தரும் விசாரணையை நீக்கிவிடலாகாதா என்பார்க்குச் சரித்திரம் விடை கூறும். சென்னைப் புளியந்தோப்பில் 1999இல் களவுபோன ஒரு பிள்ளை, சுவீகாரம் என்னும் பெயரால் நெதர்லாந்து சென்ற செய்தி பின்னர் வெளிப்பட்டது. இலங்கையிலிருந்து 1970களிலும் 1980களிலும் ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்ட சிசுக்கள் பலரின் ஆவணங்கள் பொய்யானவை என்பது தெரியவந்தபோது, 2020இல் சுவிட்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து அயல்நாட்டுச் சுவீகாரத்தையே நிறுத்திவைத்தது. பிரெஞ்சு அரசு நியமித்த ஆய்வுக் குழுவும் 2024இல் முறைகேடுகளை விரிவாக எடுத்துக்காட்டியது. 2005இல் ஓராண்டில் 4,000க்கு மேற்பட்ட அயல்நாட்டுப் பிள்ளைகளை ஏற்ற பிரான்சில், 2023இல் அவ்வெண் 200க்கும் கீழே இறங்கிற்று. கருணையால் உந்தப்பட்ட தம்பதியரே அறியாமல் குற்றத்தின் கடைசிக் கண்ணியாக ஆக்கப்பட்டனர் என்பதே இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. விசாரணை பிள்ளையைக் காப்பதோடு நேர்மையான தம்பதியரையும் காக்கிறது.

5. உறவுக்குள் சுவீகாரம்

சொந்த அக்காளின் பிள்ளையை எடுப்பதற்கு இவ்விசாரணை எதற்கு என்ற ஆட்சேபம் காரைக்கால் குடும்பங்களில் இயல்பாக எழுவது; அதில் நியாயமும் உண்டு. 2015ஆம் ஆண்டுச் சட்டம் உறவினர் சுவீகாரத்திற்குத் தனி வழியை வகுத்திருக்கிறது. ஆனால் உறவினர் என்று அது கூறுவது பெற்றோரின் உடன்பிறந்தாரையும் பாட்டன் பாட்டியரையுமே. தமிழ்க் குடும்பத்தில் ஒன்றுவிட்ட அண்ணனின் பிள்ளையும் தன் பிள்ளை முறையே ஆதலின், சட்டத்தின் உறவு நம் உறவைவிடக் குறுகியதாக நிற்கிறது. இவ்வரையறை விரிவடைதல் தகும்.

எனினும் உறவு ஒன்றே காப்பாகாது. யூரோவில் சம்பாதிக்கும் தமையன் கேட்கும்போது, கடன்பட்ட தங்கை மறுக்கும் சுதந்திரம் உடையவளா? அவளுடைய சம்மதம் அன்பினால் வந்ததா, கடமைப்பாட்டினால் வந்ததா என்பதைக் கணவனும் மாமியாரும் உடனில்லாத இடத்தில் ஒருவர் கேட்டறிய வேண்டாமா? ஐந்து வயது நிறைந்த பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கவேண்டும் என்ற விதி இக்காரணம் பற்றியே சிறப்புடையது. மேலும், பிரெஞ்சுச் சட்டத்தின் எளிய சுவீகாரம் போன்ற நடுநிலை இந்தியச் சட்டங்களில் இல்லாமையால், நேற்று வரை அம்மா என்றழைத்தவளை அடுத்த பொங்கலுக்கு ஊர் வரும்போது அத்தை என்றழைக்கும் நிலை பிள்ளைக்கு நேர்கிறது. சட்டம் அறுத்த பந்தத்தைக் குடும்பம் அறுப்பதில்லை. உண்மையைத் தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லுதல் ஒன்றே இச்சிக்கலுக்குப் பரிகாரம்.

சுவீகாரமே எல்லாப் பராமரிப்பிற்கும் வடிவமாக வேண்டுவதில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. திருநள்ளாற்றின் தலபுராணத்தோடு பிணைந்த நளன் கதையில், நாடிழந்த காலத்தில் பிள்ளைகள் இருவரும் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்கின்றனர். அவர்கள் நளனுடைய மக்களாகவே இருந்தனர். கல்விக்காகவோ வறுமை காரணமாகவோ ஒரு பிள்ளைக்கு ஆதரவு வேண்டுமெனின், அதைப் பிறந்த இடத்திலேயே அளித்தல் முதற்கடமை. காரைக்காலின் முஸ்லிம் குடும்பங்களுக்கோ இப்பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. மார்க்கச் சட்டம் முழுச் சுவீகாரத்தை ஏற்பதில்லை. 2014இல் உச்சநீதிமன்றம், எம்மதத்தவரும் விரும்பினால் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ்ச் சுவீகாரம் செய்யலாம் என்றது. பிரான்சின் 2001ஆம் ஆண்டுச் சட்டமோ, எந்தப் பிள்ளையின் சொந்தச் சட்டம் சுவீகாரத்தைத் தடுக்கிறதோ அப்பிள்ளையைச் சுவீகாரம் செய்தலாகாது என்று பொதுவிதி கூறுகிறது. இரு கரைகளின் சட்டங்களையும் ஒருங்கே அறிந்து வழி கூறுவார் இல்லையேல், இத்தகைய குடும்பங்கள் இடையில் அகப்பட்டு வருந்தும்.

6. முடிவு

முறைகேடு கண்டு சுவீகாரத்தையே ஒழித்துவிடலாம் என்பாருடைய கட்சியையும் நாம் ஏற்பதற்கில்லை. தாய்நாட்டில் இல்லம் கிடைக்காத, வயதில் மூத்த, உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குக் கடல் கடந்த குடும்பமே கடைசி நம்பிக்கையாக அமைவதுண்டு. வேண்டுவது விசாரணையின் நீக்கமன்று, அதன் தெளிவேயாகும்.

ஆகையால் நாம் வேண்டுவன இவை. காரைக்கால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தமிழும் பிரெஞ்சும் அறிந்த ஆலோசகர் ஒருவர் அமரவேண்டும். விண்ணப்பத்தின் ஒவ்வொரு படிக்கும் காலவரையறையும், மறுப்பிற்கு எழுத்து மூலமான காரணமும் அளிக்கப்படவேண்டும். பெற்ற தாயிடம் தனித்துக் கேட்கும் விசாரணை தவறாமல் நிகழவேண்டும். பிரெஞ்சுக் காலம் முதற்கொண்டு கொம்யூன்களில் பிறப்புப் பதிவு நடந்துவரும் இம்மண்ணில், சுவீகாரம் போகும் பிள்ளையின் மூல ஆவணங்கள், அது வளர்ந்து வந்து கேட்கும் நாள்வரை காக்கப்படவேண்டும். பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியரின் துக்கம் மதிக்கத்தக்கது; ஆயினும் எந்தத் துக்கமும் ஒரு பிள்ளையின்மேல் உரிமை ஆகிவிடாது. தகுந்த இல்லத்தைப் பெறும் உரிமை பிள்ளைக்கே உண்டு. அவ்வுரிமையை நிறைவேற்றும் பொறுப்பே தம்பதியருக்கும் அரசாங்கத்திற்கும் நமக்கும் உரியது.