வெறுங்கையும் வாளும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர் முன்னோர். சிலம்பமும் சீனடியும் பயிலும் இளைஞர் இப்பழமொழியைப் பெருமையோடு எடுத்தாள்வதுண்டு. ஆயினும் அதனைச் சற்றே ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவ்வல்லவன் வெறுங்கையனாய் நிற்கவில்லை. கைக்கு எட்டிய புல்லையேனும் பற்றிக்கொண்டே நிற்கிறான். படைக்கலம் ஏந்தி வருபவனை வெறுங்கையோடு எதிர்த்து உயிர் பிழைக்க இயலுமா என்னும் வினா, பயிற்சிக் களங்களில் இன்றும் ஓயாது எழுவது. இலங்கையின் வடமேற்கில், சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி முனைவரை நீளும் புத்தளக் கரை இவ்வினாவைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது.

இக்கரை செல்வம் கொழித்த கரை. உப்பு, முத்து, பாக்கு, கறுவா ஆகிய பண்டங்களுக்காகக் கலங்கள் இங்கு வந்தன. கலங்கள் வந்த இடத்துக்கு வாளும் வந்தது. 1344-ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுன் பதூதா இக்கரையில் வந்திறங்கியபோது, ஆரியச் சக்கரவர்த்தி இங்கு தங்கியிருந்தார். அவர் இருந்த நகருக்கு மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்தன என்று பதூதா எழுதி வைத்திருக்கிறார். பாவாதமலையைத் தரிசிக்க விரும்பிய அவ்விருந்தினரை அரசர் தனியே அனுப்பினாரல்லர். பல்லக்கும், வழி அறிந்த யோகியரும், பிராமணரும், ஏவலரும் உடன் சென்றனர். மதிலும் துணையுமே அன்றைய தற்காப்பு. மல்வித்தை அதற்கு அப்பாற்பட்ட செய்தி.

அடுத்த நூற்றாண்டில் இக்கரையிலேயே பெரும் போரொன்று நிகழ்ந்தது. கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்தில் புத்தளத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த முக்குவரை அகற்றுவதற்கு, காஞ்சிபுரம், காவிரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து கரையார் படையொன்று அழைக்கப்பட்டதாக ‘முக்கர ஹட்டன’ என்னும் சிங்களச் சுவடி கூறுகிறது. ஹியூ நெவில் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய சுவடிகளுள் இதுவும் ஒன்று. வந்தவர் 7,740 பேர் என்பது அச்சுவடி தரும் கணக்கு. புத்தளக் கோட்டையைப் பிடிக்க மூன்று திங்கள் முற்றுகை வேண்டியிருந்தது. படைத்தலைவர்களுள் ஒருவனான மாணிக்கத் தலைவன் போரில் மாண்டான். வென்றவர்க்கு நீர்கொழும்புப் பகுதியில் நிலங்கள் மானியமாயின. இரு தரப்பாரும் கடலோடிகள், துடுப்பு வலித்து உரமேறிய தோளினர், கைச்சண்டைக்கு அஞ்சாதவர். அத்தகையோரும் கோட்டைக்குள் புகுந்து கதவடைத்தனர். வெளியில் நின்றோர் பசியும் காலமும் தம் பணியைச் செய்யட்டுமென்று காத்திருந்தனர். ஆயுதம் தரித்த பகைவனை எதிர்கொள்வது எங்ஙனம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கலையைக் கற்பித்த ஆசான்கள் இதுபற்றி என்ன கருதினர்? இலங்கையின் அங்கம்பொர வித்தையில் வெறுங்கைப் போர் அங்கம் எனவும், படைக்கலப் போர் இல்லங்கம் எனவும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டன. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகும் என்று அவர்கள் எண்ணியிருப்பின் இப்பிரிவினைக்கு இடமிராது. மலையாள நாட்டுக் களரிப்பயிற்று இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அங்கே மாணவன் முதலில் உடலைப் பழக்கும் மெய்த்தாரியைப் பயில்வான், பின்னர் கோல்தாரி, அதன் பின்னர் வாளும் கேடயமும் ஈட்டியும் அடங்கிய அங்கத்தாரி. வெறுங்கைப் பாடம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். எளியது முதலில், அரியது பின்னர் என்று எண்ணுவோர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் இதுதான்: வாளைப் பல்லாண்டு கையாண்டவனுக்கே அது எங்கிருந்து புறப்படும், எங்கே தயங்கும், எந்தக் கணத்தில் அதனைப் பிடித்திருக்கும் கை தளரும் என்பன விளங்கும். அவ்வறிவு வாய்த்த பிறகே வெறுங்கையோடு வாளின் எல்லைக்குள் அடி வைக்க ஆசான் இசைவார். இன்று மூன்று மாதப் பயிற்சியில் கத்தி பறிக்கும் வித்தையைக் கற்றுத் தருவதாகச் சொல்வோர் இந்த வரிசையைச் சிறிது நினைத்துப் பார்ப்பது நலம்.

சிலம்பத்திலும் காலடி வரிசையே முதற்பாடம். கம்பு ஏறக்குறைய நெற்றியளவு உயரமுடையது. அதன் பெருஞ்சிறப்பு வலிமையன்று, நீளமே. கத்தி பிடித்தவன் கை எட்டாத தொலைவில் அவனை நிறுத்தி வைக்கும் கருவி அது. சிலம்பப் போட்டிகளில் கம்பு பட்ட இடத்தைப் பொட்டாகக் கணக்கிடும் வழக்கம் உண்டு. மிகுதியாகத் தொட்டவன் வென்றான் என்பர். ஆட்டம் முடிந்தபின் வென்றவனுடைய உடலையும் பார்க்க வேண்டும். அங்கும் இரண்டு மூன்று பொட்டுகள் இருக்கும். கம்புக்கு மாறாகக் கத்தியாயிருந்திருந்தால் அந்த வெற்றிக்கு என்ன பெயர்? கரையோரத்தில் கத்தி அரிய பொருளுமன்று. கள்ளிறக்குவோனிடம் பாளைக் கத்தி, மீன்பிடிப்போனிடம் மண்டா, தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கும் அலவாங்கு என, அன்றாடத் தொழிற்கருவியே ஒரு சினந்த கணத்தில் கொலைக்கருவி ஆகிவிடும்.

பறங்கியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கியோடும் பீரங்கியோடும் வந்தனர். வெறுங்கையின் நிலை மேலும் தாழ்ந்தது. உள்நாட்டார் இதற்குக் கண்ட மருந்து புதிய மல்பிடியன்று. சிங்களக் கொல்லர் விரைவிலேயே நல்ல துப்பாக்கிகளைச் செய்யக் கற்றுக்கொண்டனர். கண்டி வீரர் வெட்டவெளியில் நேர்நின்று பொருவதைத் தவிர்த்து, காட்டுக்குள்ளும் கணவாய்களிலும் பகைவரை இழுத்துச் சென்றனர். 1630-இல் ரந்தெனிவெலையில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா மாண்டதும், 1638-இல் கன்னொறுவையில் அவர்கள் படை அழிந்ததும் இடமும் வேளையும் அறிந்து போரிட்டதன் பயன். பின்வந்த ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் கற்கோட்டை ஒன்றை எழுப்பினர். புத்தளக் கடனீரேரி வழியே கண்டி நாட்டுக்கு நடந்த வாணிகத்தின் கழுத்தைப் பிடிப்பதே அதன் நோக்கம். 1795-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆள்வோரும் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். பாளையக்காரர் போர் முடிந்தபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாண்டி மக்களின் படைக்கலங்களைப் பறிக்க முற்பட்டது. வேலும் வாளும் துப்பாக்கியும் போய்விட்டால், எஞ்சிய கைகளைப் பற்றிக் கும்பினியாருக்குக் கவலை குறைவு.

ஆயுதம் உடலைத் தீண்டாது என்னும் நம்பிக்கையும் கலைகளோடு ஒட்டிக்கொண்டே வந்துள்ளது. மந்திரமும் தாயத்தும் இல்லாத போர்க்கலை கீழ்நாடுகளில் அரிது. சீனத்தில் கைக்குத்துப் பயின்ற ‘பாக்ஸர்’ கிளர்ச்சியாளர், சடங்கு செய்த உடலில் துப்பாக்கிக் குண்டு பாயாது என்று நம்பி, 1900-ஆம் ஆண்டில் எட்டு நாட்டுப் படைகளை எதிர்த்தனர். அவர்களுடைய துணிவை எவரும் குறைகூற முடியாது. குண்டு அவர்கள் மீது பாயவே செய்தது.

தற்கால ஆராய்ச்சி பழைய ஆசான்களின் பக்கமே சாய்கிறது. 1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல் அதிகாரி டென்னிஸ் டியூலர் ஓர் அளவையை எழுதி வெளியிட்டார். 21 அடித் தொலைவில் நிற்கும் ஒருவன் கத்தியோடு பாய்ந்து வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை வினாடியே ஆகும். இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கே அதனை உருவிச் சுடுவதற்கு அந்நேரம் போதும் போதாததாய் இருக்கும். வெறுங்கையனைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஜப்பானில் கோடோகான் ஜூடோ நிலையம் 1956-இல் வகுத்த தற்காப்பு முறையில் 21 பாடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்பது குத்துவாள், தடி, கைத்துப்பாக்கி ஆகியவற்றுக்கு எதிரானவை. அவை பொய்யல்ல. உடலுக்கு விலகவும் திரும்பவும் கற்பிக்கின்றன. ஆனால் பயிற்சிக் களத்தில் எதிராளி இன்ன முறையில் குத்துவான் என்பது முன்னரே தெரியும். ஒரு முறை குத்தி நின்றுவிடுவான். தெருவில் வெறிகொண்டவன் ஒரு குத்தோடு நிறுத்துவதில்லை. கையைப் பின்வாங்கி மீண்டும் மீண்டும் குத்துவான். ஆகவே ஓட இடமிருக்கும்போது ஓடுதல், இல்லையெனில் இடையே நாற்காலியோ தடியோ கதவோ இட்டுக்கொள்ளுதல், அதுவும் இல்லாத இறுதிக் கணத்தில் மட்டும் ஆயுதம் பிடித்த கையை இரு கையாலும் பற்றி விடாதிருத்தல் என்பதே பயிற்சியின் மெய்ப்பயன். பணப்பையைக் கேட்பவனிடம் அதைக் கொடுத்து உயிரைக் காப்பதில் வீரத்துக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

சட்டமும் இவ்வழியே நிற்கிறது. 1883-ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவைக் கடந்து தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது. கத்தியைப் பறித்தபின் அதே கத்தியால் குத்தியவன் தற்காப்பாளன் என்ற பெயரை இழக்க நேரும்.

இவ்வளவும் ஒருவனுக்கு ஒருவன் என்ற நிலையில். ஓர் ஊரே வெறுங்கையோடு நிற்கும் நாளும் உண்டு. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடும் நிலமும் நகையும் விட்டுப் புறப்பட்டனர். அவர்களுள் உரமுள்ள தோளுடையாரும், கடலில் வளர்ந்தவரும் இல்லாமலில்லை. துப்பாக்கிகளின் முன் அவர்கள் செய்யக்கூடியதாயிருந்தது ஒன்றே: பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறித் தெற்கே வந்தனர். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை நிற்கும் அதே கற்பிட்டிக் கரையில் அப்படகுகள் ஒதுங்கின. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோப்புகளும் அவர்களுக்கு இடம் தந்தன. புத்தளத்து மக்கள் சோறாக்கிக் கொடுத்தனர்.