பெருங்குடல் புற்றுநோய்: குழாய் விட்டுப் பார்ப்பதா, ஸ்கேன் எடுப்பதா?

சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நம் வீடுகளில் தாராளமாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் மலத்தில் இரத்தம் போனால் அதைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லத் தயங்குகிறோம். "மூலமாக இருக்கும்" என்று நாமே முடிவு செய்து, நாட்டு மருந்தில் மாதங்களைக் கடத்திவிடுகிறோம். இந்தக் கூச்சத்தால் தாமதமாகக் கண்டறியப்படும் நோய்களில் முக்கியமானது பெருங்குடல் புற்றுநோய்.

2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். ஆயினும் இது பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய். குடலின் உட்சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகள் வரை ஆகும். அதற்குள் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வராமல் தடுத்துவிடலாம். இதற்கு இரண்டு பரிசோதனைகள் உள்ளன.

கொலோனோஸ்கோப்பி

நுனியில் கேமரா பொருத்திய, வளையக்கூடிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் மருத்துவர் நேரில் பார்க்கும் முறை இது. பெரும்பாலும் மயக்க மருந்து தரப்படும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பாலிப் தென்பட்டால் அப்போதே அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்பதே இதன் பெரிய பலன். அரிதாகக் குடலில் துளை விழுவதும் இரத்தக்கசிவும் ஏற்படுவதுண்டு. அன்று வாகனம் ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவர் வேண்டும்.

விர்ச்சுவல் கொலோனோஸ்கோப்பி

1994-இல் அறிமுகமான இது ஒரு சி.டி. ஸ்கேன்தான். ஆசனவாயில் சிறு குழாய் வைத்துக் காற்றோ கரியமில வாயுவோ செலுத்திக் குடலை விரியச் செய்து படம் எடுப்பார்கள். கணினி அதைக் குடலின் உட்புறத் தோற்றமாக மாற்றித் தரும். மயக்க மருந்து தேவையில்லை. 15 நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் சிறிதளவு கதிர்வீச்சு உண்டு. பாலிப் இருந்தால் அகற்ற முடியாது. அதற்குக் கொலோனோஸ்கோப்பியே செய்தாக வேண்டும்.

"ஸ்கேன் என்றால் பேதி மருந்து குடிக்க வேண்டாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டுக்குமே பொதுவாக முதல் நாள் குடலைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

எது துல்லியமானது?

அமெரிக்காவில் 15 மையங்களில் 2,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டிகள் இருந்தவர்களில் 90 சதவீதத்தினரை ஸ்கேன் சரியாகக் காட்டியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் 2007-ஆம் ஆண்டு ஆய்வில் 3,120 பேர் ஸ்கேனும், 3,163 பேர் கொலோனோஸ்கோப்பியும் செய்துகொண்டார்கள். முற்றிய நிலைக் கட்டிகள் முதல் பிரிவில் 123, இரண்டாம் பிரிவில் 121. குடலில் துளை விழுந்தது இரண்டாம் பிரிவில் 7 பேருக்கு. முதல் பிரிவில் ஒருவருக்கும் இல்லை.

சிறிய பாலிப்களில்தான் ஸ்கேன் பின்தங்குகிறது. 5 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவானவையும் அறிக்கையில் பொதுவாகக் குறிக்கப்படுவதில்லை. 2021-இல் அமெரிக்க அதிபர் ஜோ பைடனுக்குக் கொலோனோஸ்கோப்பியில் அகற்றப்பட்டது 3 மில்லிமீட்டர் பாலிப். மயக்கத்தில் இருந்த 85 நிமிடங்களுக்கு அவர் தம் அதிகாரத்தைத் துணை அதிபரிடம் ஒப்படைத்திருந்தார். 2010-இல் ஒபாமாவோ மயக்கம் தேவைப்படாத ஸ்கேன் முறையில் பரிசோதித்துக்கொண்டார். இந்தச் சிறு பாலிப்களில் புற்று இருப்பது மிக அரிது என்பதால், ஸ்கேனை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வது போதுமெனக் கருதப்படுகிறது. கொலோனோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்றால் அடுத்தது 10 ஆண்டுகள் கழித்துத்தான்.

யாருக்கு எது?

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, மலம் கழிப்பதில் நீடித்த மாற்றம் ஆகியவை இருந்தால் ஸ்கேனில் நேரத்தைக் கடத்தாமல் கொலோனோஸ்கோப்பிக்கே செல்வது நல்லது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் 40 வயதிலேயோ, அவர்களுக்கு நோய் வந்த வயதுக்கு 10 ஆண்டுகள் முன்போ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பியைத் தொடங்க வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கு 45 வயதிலிருந்து பரிசோதனை என்பது அமெரிக்கப் பரிந்துரை. மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாத முதியவர்களுக்கும், குழாய் முழுமையாகச் செல்ல முடியாதவர்களுக்கும் ஸ்கேன் பொருத்தமானது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் கூடாது. இரண்டுக்கும் வசதியில்லாதவர்கள் ஆண்டுக்கொருமுறை மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் எளிய பரிசோதனையையாவது செய்துகொள்ளலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

பேதி மருந்தும் தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டியிருப்பதால் அன்று நோன்பு வைக்க இயலாது. அவசரமில்லையெனில் ரமளானுக்கு முன்போ பின்போ தேதி வாங்கலாம். அவசரமென்றால் தள்ளிப்போட வேண்டாம். விடுபட்ட நோன்பைக் களாச் செய்வது பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சர்க்கரைக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். பரிசோதனையின்போது தேவையான இடம் தவிர மற்றவை மூடப்பட்டே இருக்கும். எனவே அவ்ரத்தைக் காரணம் காட்டி நம் தாய்மார்களின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் தனியாக உட்கார்ந்து, "வாப்பா, உம்மா, வெளிக்குப் போவதில் ஏதும் சிரமம் இருக்கிறதா?" என்று கேட்டுப் பார்ப்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக!