தலைகீழ் நிலாவும் திருவனந்தபுரம் குன்றும்

விடுமுறைக்கு நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் போகிற நம்மில் பலர் திருவனந்தபுரத்தில்தான் விமானம் இறங்குகிறோம். ஊர் போய்ச் சேருகிற அவசரத்தில், நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒப்சர்வேட்டரி ஹில்ஸ் குன்று கண்ணில் படுவதில்லை. கீர்த்தனைகளால் நாம் அறிந்த அதே சுவாதித் திருநாள் மகாராஜா, 1837-ல் அங்கே ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட், ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். இன்று அந்தக் கூடம் கேரளப் பல்கலைக்கழகத்தின் வசம்.

அக்கால வானியல் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். இரண்டு குவிலென்ஸ் கொண்ட அந்த அமைப்பை 1611-ல் விவரித்தவர் கெப்ளர். நேராக்க இன்னொரு லென்ஸ் சேர்த்தால் வெளிச்சம் குறையும். வானத்தில் மேலென்ன, கீழென்ன என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதே கெப்ளர்தான் 1604-ல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். நம் விழித்திரையில் விழும் படமும் தலைகீழ்தான்! அதற்கு முன் லியோனார்டோ டா வின்சி, கண்ணுக்குள்ளேயே படம் இரண்டு தடவை கவிழ்ந்து நேராகிவிடும் என்று சமாதானம் தேடினார். கெப்ளர் அப்படிச் சமாளிக்கவில்லை. அது எப்படி நேராகத் தெரிகிறது என்ற கேள்வியை மற்ற அறிஞர்களிடம் விட்டுவிட்டார். பிறகு ஷைனர் என்ற பாதிரியார், மாட்டுக் கண்ணின் பின்பக்கத்தைச் சீவி, கவிழ்ந்த படத்தை நேரிலேயே பார்த்தார்.

சரி, எப்படித்தான் நேராகத் தெரிகிறது? "மூளை திருப்பிப் போடுகிறது" என்று நாம் படித்தோம். பிள்ளைகள் கேட்டால் அதையே சொல்கிறோம். திருப்பிப் போட்டதைப் பார்க்க மூளைக்குள் இன்னொரு குட்டி மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டாமா? மூளைக்குப் போவது படம் இல்லை, நரம்புத் துடிப்புகள். விழித்திரையில் இன்ன இடத்தில் ஒளி பட்டால் கையை எந்தப் பக்கம் நீட்டுவது, தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கணக்கைத்தான் 'மேல்', 'கீழ்' என்கிறோம்.

திருவனந்தபுரம் தொலைநோக்கியே இதற்குச் சாட்சி. லென்ஸ் ஒருமுறை, கண் ஒருமுறை கவிழ்ப்பதால், பார்ப்பவரின் விழித்திரையில் நிலா நேராகத்தான் விழும். ஆனால் அவருக்குத் தெரிவது தலைகீழ் நிலா!

1890-களில் கலிபோர்னியாவில் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் இதைத் தன் மேலேயே சோதித்தார். உலகைக் கவிழ்த்துக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் மாட்டி, மறு கண்ணை மூடிக்கொண்டு எட்டு நாள் இருந்தார். முதலில் எதை எடுக்கப் போனாலும் கை எதிர்ப்பக்கம் போனது. நாளாக ஆக நடமாட்டம் சுலபமானது. அப்படியானால் படம் நிமிர்ந்துவிட்டதா? 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு பேர் இத்தகைய கண்ணாடி அணிந்தார்கள். அவர்கள் கைகால் நன்றாகப் பழகிக்கொண்டது. உலகம் மட்டும் நேராகவில்லை.

ஆக, பார்வை என்பது கண்ணும் மூளையும் உடம்பும் கூடிச் செய்யும் வேலை. அதில் மூளையின் பங்கு எவ்வளவு என்பதை 1960-களில் ஹியூபெலும் வீசெலும் காட்டினார்கள். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணில் குறையில்லை, ஆனாலும் அதன் வழியே பார்க்க மூளைக்குத் தெரியவில்லை. 1981-ல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது வெறும் பழங்கதை இல்லை நண்பர்களே. "மாறுகண் அதிர்ஷ்டம், வளர்ந்தால் சரியாகும்" என்று ஊரிலிருந்து பாட்டிமார் போனில் சொல்வார்கள். அவர்கள் பாசத்தில் குறையில்லை. ஆனால் மாறுகண்ணோ, பிறவிக் கண்புரையோ இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் படிப்படியாக ஒதுக்கிவிடக்கூடும். சின்ன வயதிலேயே கவனித்தால் பெரும்பாலும் மீட்கலாம். தள்ளிப்போடப் போட அது கடினமாகிக்கொண்டே போகும். பாட்டிக்குச் சரி சொல்லிவிட்டு, குழந்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.