திறக்கும் சுவர்கள்

வீட்டில் நாம் காட்சிக்கு வைப்பவை நம் உள்ளத்தையும் காட்டிவிடுகின்றன. இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞரான சர் ஜான் சோன், தாம் சேர்த்த சிலைகளையும் ஓவியங்களையும் இலண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள தம் இல்லத்திலேயே வைத்தார். இடம் போதவில்லை. எனவே 1824இல், ஒரு சிற்றறையின் சுவர்களைக் கதவுகள் போலத் திறந்து மூடும் பலகைகளாக அமைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே அடங்கின.

தந்தையின் செல்வத்தை அழித்துத் தானும் அழியும் மகனின் கதையை ஹோகார்த் தீட்டிய எட்டு ஓவியங்களும் அவற்றுள் அடங்கும். சோனுக்கும் மகன் ஜார்ஜால் மனவேதனையே. 1815 செப்டம்பரில் தந்தையின் கலையை இகழ்ந்து, பெயரிடாமல் இதழொன்றில் அவர் எழுதினார். நவம்பரில் தாய் எலைசா இறந்தார். அக்கட்டுரைகளே மனைவியின் உயிரைப் பறித்தன என நம்பிய சோன், அவற்றையும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்!

1833இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அவ்வீட்டை நாட்டுக்கு உரியதாக்கினார். மகனுக்கு அது கிட்டவில்லை. 1837இல் சோன் மறைந்தார்; இல்லம் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. மாட்டி வைத்த காயத்தை நாள்தோறும் கண்டவர் மாட்டியவரே அன்றோ? ஓவியங்களுக்காகச் சுவர்களையே திறக்கச் செய்தவர், ஒப்புரவுக்கென ஒரு கதவைத் திறக்கவில்லை.