ஒரு கடைக்கே உரிய நூல்

எழுதுவோர், பதிப்போர், விற்போர் என மூவகையினர் கைமாறியே நூல் வாசகரை அடைதல் நெடுங்கால வழக்கு. 2007 ஆம் ஆண்டு நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் படிப்புக் கருவியை வெளியிட்டது. எழுதியவரே தம் நூலை மின்னூலாக வெளியிடும் வாயிலையும் அப்போதே திறந்தது. பதிப்பாளரின் இசைவுக்குக் காத்திருந்த பலர்க்கு இது விடுதலையாகத் தோன்றிற்று. நான்காண்டுகளில் அவ்விடுதலையோடு ஒரு கட்டும் வந்து சேர்ந்தது.

2011 டிசம்பரில் அந்நிறுவனம் 'கேடிபி செலக்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இதிற் சேரும் மின்னூலை 90 நாள்களுக்கு வேறெந்தக் கடையிலும் விற்றலாகாது. அச்சுநூலுக்கு இத்தடை இல்லை. தவணை முடிவில் எழுத்தாளர் விலகலாம். விலகாவிடின் உடன்பாடு தானே புதுப்பிக்கப்பெறும். கைம்மாறாக, இரவல் பெறும் வாசகர்க்கென ஒதுக்கிய பொது நிதியில் அவருக்குப் பங்கு உண்டு. முதல் மாத நிதி 5 இலட்சம் டாலர். இந்தியாவில் விற்கும் நூலுக்கு 70 விழுக்காட்டு உரிமைத்தொகை வேண்டுவோரும் இதிற் சேர்தல் வேண்டும். சேராதார்க்கு 35 விழுக்காடே.

2014 ஜூலையில் மாதச் சந்தா செலுத்தி நூல்களைப் படிக்கும் 'கிண்டில் அன்லிமிடெட்' வந்தது. இரவல் பெற்ற நூலில் பத்தில் ஒரு பங்கு படிக்கப்பட்டால், எழுத்தாளர்க்கு ஒரு பங்குத் தொகை கிடைத்தது. சிறு நூலுக்கும் பெரு நூலுக்கும் தொகை ஒன்றே. ஆகவே குறுங்கதை எழுதுவோரும், நெடுங்கதையைத் துண்டு துண்டாக்கி வெளியிடுவோரும் பயன் பெற்றனர். 2015 ஜூலை முதல் படித்த பக்கங்களை எண்ணித் தொகை வழங்கும் முறை வந்தது. நேற்றுவரை ஆதாயமாயிருந்த குறுமை ஒரே நாளில் இழப்பாயிற்று. இரு விதிகளையும் வகுத்தவர் கடைக்காரரே, எழுத்தாளர் அல்லர்.

விற்போரின் விதி நூலின் உருவை ஆளுதல் புதிதன்று. இங்கிலாந்தில் சார்லஸ் எட்வர்ட் மியூடி என்பார் 1842 இல் இரவல் நூலகம் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தியவர் ஒரு வேளைக்கு ஒரு தொகுதியே பெறலாம். ஒரு நாவல் மூன்று தொகுதிகளாயின் மூவர் ஒரே காலத்திற் படிக்கலாம். எனவே நாவலாசிரியர்கள் கதையை மூன்று தொகுதிகளுக்கு நீட்டினர். 1894 இல் மியூடியும் ஸ்மித் நிறுவனமும் தொகுதிக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தாரோம் என அறிவித்தபின், சில ஆண்டுகளில் அவ்வடிவமே மறைந்தது. பிறரிடம் விற்காதே என மியூடி எழுத்தாளரைத் தடுத்தவர் அல்லர். பெருங்கொள்முதலே அத்துணை வலிமை தந்தது. இன்றோ கொள்முதலோடு கையொப்பமும் சேர்ந்துள்ளது.

2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்கள் கிண்டிலில் இடம் பெற்றன. ஆதலின் இவ்வினா தமிழ் எழுத்தாளர்க்கும் உரியது. வாசகரை இன்னும் பெறாத புதியவர்க்கு 90 நாள் சிறு விலையே. இரவல் வாசகர் அவர் பெயரை அறியவும் கூடும். நூல்கள் அனைத்தையும் ஒரே கடையில் வைத்து, அவ்வருவாயால் வாழ்பவர் நிலை வேறு. ஒரு விதி மாறின் அவர் வருவாய் முழுதும் மாறும். சேர்தல் குற்றமன்று; ஒவ்வொரு தவணையின் முடிவிலும் பெற்றதையும் இழந்ததையும் கணக்கிடாமல், உடன்பாடு தானே நீள விட்டிருத்தலே குற்றம்.