சம்பள நாளும் சந்தை வழியும்



கடைக்குப் போய் வருகிறேன் என்று நகரத்தார் சொல்லும்பொழுது அதில் வியப்பொன்றும் இல்லை. காசு கையில் இருக்கிறது. கடை தெருமுனையில் இருக்கிறது. பேரம் படியவில்லையாயின் அடுத்த கடைக்குப் போகலாம். பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்குச் செல்லும் மலைப்பாதையில் உள்ள பூனாகலையிலும், அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் வாழ்ந்த மக்களுக்கோ இந்த எளிய சொல்லைச் சொல்லும் உரிமை பல தலைமுறைகள் கழிந்த பின்னரே கிட்டியது. ஊர் தொலைவில் இருந்தது மட்டும் அதற்குக் காரணமன்று. அவர்கள் கையில் காசு இருக்கவில்லை.

தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்ட அன்றே தொழிலாளியின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிவிடும். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் அதில் ஏறும். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின் மழைக்கும் குளிருக்கும் போர்த்துக்கொள்ளக் கம்பளி தருவார்கள். அதுவும் கணக்கில் ஏறும். அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். உப்பு, மிளகாய், கருவாடு, புகையிலை முதலியவற்றைப் பெரும்பாலும் கங்காணிக்கு வேண்டிய கடையிலேயே பற்றுக்கு வாங்கவேண்டியிருந்தது. மாத முடிவில் எஞ்சுவது என்ன? சில காசுகள் எஞ்சலாம். பல சமயங்களில் கடனே எஞ்சியது. பொருளைத் தெரிந்தெடுப்பதும், விலை கேட்பதும், வேண்டாம் என்று திரும்புவதும் வாங்குபவனுக்குரிய சுதந்திரங்கள் அல்லவா? பற்றுக் கணக்கில் வாழ்ந்தவனுக்கு அவற்றுள் ஒன்றும் இருந்ததில்லை.

இக்கடனுக்கு உருவம் தந்தது துண்டு என்னும் சிறு காகிதம். தொழிலாளி கங்காணிக்கு இறுக்கவேண்டிய தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தொகையைக் கொடுத்துத் தீர்க்க வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவன் இடம் பெயர இயலாது. சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதுபோல, மனிதனின் கடனுக்கு விலை பேசி அவனை மாற்றிக்கொண்டார்கள். இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்த சம்பளத்தை விதிக்க வழி செய்தது. அதன்படி 1929இல் உயர்மலைப் பகுதித் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் வகுக்கப்பட்டன. தொகை சிறியதுதான். ஆயினும் தன் உழைப்பின் விலை இன்னதென்று தொழிலாளி அறிந்து, அதைக் கையில் எண்ணி வாங்கும் காலம் மெல்ல மெல்லப் பிறந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. பூனாகலைக்கு அண்மையிலே, அப்புத்தளைப் பக்கத்து மலைமுகட்டில், லிப்டன் இருக்கை என்று ஓரிடத்தைக் காட்டுவார்கள். தாமஸ் லிப்டன் என்ன தொழில் செய்தவர் தெரியுமா? அவர் மளிகைக் கடைக்காரர்! 1871இல் கிளாஸ்கோ நகரில் ஒரு கடை திறந்து, பின்னர் நாடெங்கும் கிளைகள் பரப்பியவர். 1890இல் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கி, தேயிலையைச் சிறு சிறு பொட்டலங்களில் கட்டி, அங்குள்ள எளிய மக்களும் வாங்கக்கூடிய விலையில் விற்றார். அந்நாட்டுத் தொழிலாளியின் மனைவி கடைக்குச் சென்று, காசை நீட்டி, தனக்கு வேண்டிய பொட்டலத்தைக் கேட்டு வாங்கினாள். அந்தக் கொழுந்தைப் பறித்தவளுக்கோ பற்றுக் கணக்கு இருந்தது, கடைத்தெரு இருக்கவில்லை.

புகையிரதம் 1893இல் அப்புத்தளைக்கும், அடுத்த ஆண்டில் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. பாதை இட்டது தேயிலைப் பெட்டிக்காக. அதன் வழியே நகரமும் வந்தது என்பது வேறு கதை. கையில் காசு புழங்கத் தொடங்கியபின் சம்பள நாள் ஒரு திருநாளாயிற்று. துணி மூட்டையைத் தோளில் சுமந்த வியாபாரிகள் லயங்களைத் தேடி வந்தனர், வளையல்காரரும் வந்தனர், கடன் கொடுத்தவர்களும் தவறாமல் வந்தனர். அடுத்து வரும் விடுமுறையன்று ஆடவர் பண்டாரவளைச் சந்தைக்குப் புறப்படுவர். வாங்குவது அரைப்படி பொருளாயினும் சந்தையை முழுதும் சுற்றிப் பார்த்துத்தான் திரும்புவர். இதனை வீண்பொழுது என்று குறை கூறியவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதேன். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் ஓசைக்கு எழுந்து நிற்பவனுக்கு, யாரும் கூப்பிடாத ஒரு தெருவில் நடப்பதே பெரும் இன்பமாக இருந்திருக்கும்.

பொழுதுபோக்குக்கு ஊர் போகவேண்டிய தேவை முன்பு இருந்ததில்லை. மாசி மாதம் காமன் கம்பம் நட்டால், கொழுந்து பறித்த கைகளே இரவில் தப்பு முழக்கும். மதனும் ரதியுமாக வேடம் புனைந்தவர்கள் பக்கத்து லயத்துப் பிள்ளைகளே. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே நடந்தன. சீட்டுமில்லை, கட்டணமுமில்லை. பின்னர் சினிமா வந்தது. அதற்கு மட்டும் பட்டணம் போகவேண்டும், காசும் வேண்டும். 1949இல் றேடியோ சிலோன் என்ற பெயர் பூண்ட நமது வானொலி, அடுத்த ஆண்டில் வர்த்தக சேவையையும் தொடங்கியது. மின்சாரம் எட்டாத லயங்களிலும் மின்கலத்தால் இயங்கும் பெட்டிகள் பாடத் தொடங்கின. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே சவர்க்காரத்தின் பெயரும் பற்பொடியின் பெயரும் ஒலித்தன. கண்ணால் காணாத கடைத்தெருவைக் காதால் கண்டவர்கள் அக்காலத்துத் தோட்டப் பிள்ளைகள்.

இடையில் வழி திரும்பியதும் உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் பங்கீட்டு அரிசி சுருங்கியபோது, தோட்ட மக்கள் வாங்குவதற்காக அன்றி விற்பதற்காக ஊருக்கு நடந்தார்கள். அணிந்த நகையும் சமைத்த பாத்திரமும் கடைக்காரர் கைக்குப் போயின.

பெண்களின் கதை இன்னும் தாமதமானது. 43 சதத்தில் தொடங்கிய அந்த வேற்றுமை 1984இல்தான் நீங்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதன்பின்னும் பல வீடுகளில் அவள் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ கைநீட்டி வாங்கினர். சட்டம் சமன் செய்தது தொகையை. வாங்கும் கை எதுவென்பதை வீடுதான் தீர்மானித்தது.

இன்று ஊவாத் தோட்டங்களின் இளைஞர் பலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கின்றனர். துணியை விரித்துக் காட்டி விலை சொல்லும் இடத்தில் அவர்களே நிற்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது தோட்டத்தில் முற்பணம் எப்போது கொடுப்பார்கள் என்ற பேச்சு எழும். கொடுத்த தொகையைப் பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் கழிப்பார்கள். கொழும்பிலிருந்து பண்டாரவளைக்கு வந்து, பூனாகலைப் பேருந்தில் இடம் பிடித்து ஏறும் பிள்ளையின் மடியில் ஒரு பை இருக்கும். அதற்குள் தாய்க்கு ஒரு சேலை. அவனே தெரிந்தெடுத்து, காசு கொடுத்து வாங்கியது. எவர் கணக்கிலும் ஏறாதது.